‘நம்ம எம்.பி. என்ன செஞ்சார்?’ - கிராமத்துத் தொகுதியில் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது?

டெல்டாவில் குறுவை அறுவடை நடக்கும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் எட்டிப் பார்க்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில், ரோட்டோரத்தில், தார்ப்பாய் போர்த்திய நெல் குவியல்கள் வரிசையாகக் கிடக்கும். ஈரப்பதம் பார்க்கும் கருவி 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல் திரும்பிவிடும். ‘நல்லா காய வச்சு எடுத்துட்டு வாங்க’ என்பார்கள். வெயில் அடித்தால்தானே காய வைக்க?

இந்த 17 என்ற எண்ணை யார் முடிவு செய்கிறார்கள்? கொள்முதல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் பட்டியல் எழுத்தருக்கு அந்த அதிகாரம் கிடையாது. கலெக்டருக்கும் கிடையாது. மாநில அரசே நினைத்தாலும் மாற்ற முடியாது. மத்திய உணவுத் துறை வைத்திருக்கும் வரம்பு அது. மழை பெய்தால் மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுத வேண்டும். அங்கிருந்து ஒரு குழு வந்து மாதிரி எடுத்துப் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆணை வரும். 19, 20 சதவீதம் வரை தளர்த்திய ஆண்டுகள் உண்டு. ஆணை வந்து சேர்வதற்குள் ரோட்டில் கிடந்த நெல் முளைத்துவிட்ட ஆண்டுகளும் உண்டு.

‘ஏன் இவ்வளவு லேட்?’ என்று அந்த மத்திய அமைச்சரைக் கேட்டு, பதிவான ஒரு பதிலை வாங்கும் உரிமை, அந்த விவசாயி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது. அவர்தான் தொகுதி எம்.பி.

ஆனால், எம்.பி. ஊருக்கு வந்தால் நாம் அவரிடம் என்ன கேட்கிறோம்? பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை. முச்சந்திக்கு உயர்கோபுர விளக்கு. சுடுகாட்டுக்குப் பாதை. எல்லாமே தேவைதான், மறுக்கவில்லை. ஆனால், ஊராட்சித் தலைவரும் எம்.எல்.ஏ.வும் செய்யக்கூடிய வேலைகளை மட்டும் எம்.பி.யிடம் கேட்டுவிட்டு, அவர் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலையைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். அதனால் நஷ்டம் நமக்குத்தான். கிராமத்து எம்.பி. ஒருவரின் வேலை என்ன, அதற்கு எது தடை, அவரிடம் எப்படிக் கணக்குக் கேட்பது? நாகப்பட்டினம் தொகுதியை வைத்தே பார்க்கலாம்.

ஆறு சட்டமன்றத் தொகுதி, ஒரே ஒரு ஆள்

நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி என்பது நாகப்பட்டினம், கீழ்வேளூர், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, திருவாரூர், நன்னிலம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது. நாகை, திருவாரூர் என இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. 13 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள். பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி.

இங்கே மக்களுடைய பிழைப்பைப் பாருங்கள். நெல், மீன், உப்பு. மூன்றிலும் டெல்லியின் கை இருக்கிறது. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிப்பது மத்திய அமைச்சரவை. கடலில் இலங்கைக் கடற்படை பிடித்துப் போகும் மீனவரை மீட்பது வெளியுறவுத் துறை வழியாக. உப்பு, அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலிலேயே இருக்கும் ஒரு பொருள். ரயில், பெட்ரோலிய எரிவாயுக் கிணறு இரண்டுமே மத்தியப் பட்டியல். காவிரித் தண்ணீர் வழக்குகூட 1956-ல் நாடாளுமன்றம் போட்ட நதிநீர்த் தகராறு சட்டத்தின் கீழ்தான் நடுவர் மன்றத்துக்குப் போனது.

‘எம்.பி.க்கு ஊர்ல என்ன வேலை, அவர் டெல்லியில இருக்கிறவர்’ என்று ஒரு பேச்சு உண்டு. கிராமத்துத் தொகுதிக்கு இது பொருந்தவே பொருந்தாது. மாநகரத்தில் வாழும் ஒருவருடைய அன்றாடத்தை மாநகராட்சியும் மாநில அரசும் பெருமளவு தீர்மானிக்கின்றன. டெல்டா விவசாயியின் ஒரு மூட்டை நெல்லோ டெல்லியைத் தொடாமல் விற்பனையாவதில்லை.

நான்கு முறை எம்.பி.; ஆனால்...

இந்தத் தொகுதியில் நான்கு முறை வென்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம்.செல்வராசு. 1957-ல் பிறந்தவர். திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் வட்டத்தைச் சேர்ந்தவர். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது அவருக்குப் பதினோரு வயது. கூலி நெல்லுக்கும் மரியாதைக்கும் நடந்த போராட்டங்களோடு கலந்த கட்சி அரசியல் இந்தப் பகுதியினுடையது. இங்கே இடதுசாரித் தலைவர் எவ்வளவு பெரிய பதவிக்குப் போனாலும் ‘தோழர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

1989 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களில் 38-ஐ காங்கிரஸ் - அ.தி.மு.க. கூட்டணி அள்ளிக்கொண்டு போனது. மாநிலத்தை ஆண்ட தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூட இல்லை. மிச்சமிருந்த அந்த ஒரே இடம் நாகப்பட்டினம். ஜெயித்தவர் 32 வயது செல்வராசு. பிறகு 1996, 1998, 2019 தேர்தல்களிலும் வென்றார். 2024 மே 13-ல், நீண்ட நாள் உடல்நலக் குறைவுக்குப் பிறகு, பதவியில் இருக்கும்போதே காலமானார். இப்போது அதே கட்சியின் வை.செல்வராஜ் அந்தத் தொகுதியின் எம்.பி.

நான்கு முறை எம்.பி. என்றதும் இருபது வருஷப் பதவி என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1989-ல் அமைந்த ஒன்பதாவது மக்களவை 1991 மார்ச்சில் கலைந்தது. ஆயுள் 15 மாதம். 1996 மே மாதம் அமைந்த மக்களவை 1997 டிசம்பரில் கலைந்தது. 18 மாதம். 1998 மார்ச்சில் அமைந்தது 1999 ஏப்ரலில் கலைந்தது. 13 மாதம். மூன்று பதவிக்காலத்தையும் கூட்டினால் நான்கு வருஷம்கூடத் தேறாது! அதற்கப்புறம் அவர் மீண்டும் மக்களவைக்குள் போக 20 ஆண்டுகள் ஆயின.

2019-ல் போனபோதாவது முழுசாகக் கிடைத்ததா? அந்த 17-வது மக்களவை ஐந்து ஆண்டுகளும் நடந்தது. ஆனால், கூடிய நாள்கள் மொத்தம் 274. முழுப் பதவிக்காலமும் நடந்த மக்களவைகளிலேயே இதுதான் மிகக் குறைவு. 1952-ல் அமைந்த முதல் மக்களவை 677 நாள்கள் கூடியது. ஆண்டுக்கு 135 நாள் பேசிய இடம், 55 நாள் பேசும் இடமாகச் சுருங்கியிருக்கிறது.

இதை ஒரு தனி மனிதரின் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிட முடியாது. ஒரு எம்.பி. என்ன செய்தார் என்று கேட்கும் முன், அவர் வேலை செய்ய வேண்டிய இடம் எத்தனை நாள் திறந்திருந்தது என்றும் கேட்க வேண்டும். நெல் கொள்முதல் நிலையம் பாதி நாள் பூட்டிக் கிடந்தால் கேட்கிறோம் இல்லையா, அதே மாதிரி.

அந்த 5 கோடி ரூபாய்க் கணக்கு

‘எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி வருதுல்ல, அது எங்க போச்சு?’ இது எல்லா ஊர் டீக்கடையிலும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால், அந்தப் பணம் பற்றிய சில விவரங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் விஷயம், பணம் எம்.பி.யின் கைக்கோ கணக்குக்கோ வராது. எந்த ஊரில் என்ன வேலை என்று அவர் பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம், அவ்வளவுதான். விதிப்படி சரியா என்று பார்த்து அனுமதி கொடுப்பதும், வேலையைச் செய்ய வைப்பதும், கணக்கு முடிப்பதும் மாவட்ட நிர்வாகம்.

இரண்டாவது, இந்த நிதியே 1993 டிசம்பரில் வந்ததுதான். செல்வராசு முதல்முறை ஜெயித்த 1989-ல் இப்படி ஒன்று கிடையாது. ஆரம்பத்தில் 5 லட்சம், அடுத்த ஆண்டு 1 கோடி, 1998-99 முதல் 2 கோடி, 2011-12 முதல் 5 கோடி என்று வளர்ந்தது. அவருடைய கடைசிப் பதவிக்காலத்தில் கொரோனாவைக் காரணம் காட்டி 2020 ஏப்ரலில் மத்திய அரசு இதை நிறுத்தியது. 2021 நவம்பரில்தான் திரும்ப வந்தது, அதுவும் அந்த ஆண்டுக்கு 2 கோடி மட்டும்.

மூன்றாவது, கணக்கு. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்கு 5 கோடியைப் பிரித்தால் தலைக்கு ஆண்டுக்கு 40 ரூபாய்கூட வராது. தமிழகத்தில் ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அதே நிலப்பரப்பில் இருக்கும் ஆறு எம்.எல்.ஏ.க்களுக்கும் சேர்த்து 18 கோடி. அதாவது, நிழற்குடை கட்டுகிற போட்டியில் எம்.பி. எப்போதுமே எம்.எல்.ஏ.க்களுக்குப் பின்னால்தான் நிற்பார்.

இந்த நிதி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதில் கட்டிய பள்ளிக்கூட வகுப்பறையில் குழந்தைகள் படிக்கிறார்கள். இதை மட்டும் வைத்து ஒரு எம்.பி.யை எடை போடுவதுதான் தப்புக் கணக்கு. சுவரில் எழுதிய பெயர் கண்ணுக்குத் தெரிகிறது, மக்களவையில் கேட்ட கேள்வி தெரிவதில்லை. அரசியல்வாதிகளும் இதைப் புரிந்துகொண்டு, பெயர் எழுதக் கிடைக்கும் வேலைகளையே தேடிப் போகிறார்கள்.

எம்.பி.யின் உண்மையான கருவிகள்

சரி, எம்.பி. கையில் வேறு என்னதான் இருக்கிறது?

கேள்வி: மக்களவை கூடும் நாள்களில் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு அமைச்சர்கள் வாய்மொழியாகப் பதில் தயாரித்து வர வேண்டும். 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். குலுக்கலில் வந்தால்தான் கேள்வி இடம்பெறும். எழுத்தில் வரும் பதிலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரு ரயில் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, ஏன் நின்றது என்று ஊரில் எந்த அதிகாரியும் சொல்லாத தகவல், அமைச்சரின் கையெழுத்தோடு வெளியே வரும்.

இன்னொன்றும் உண்டு. ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று ஒரு அமைச்சர் அவையில் சொன்னால் அது சும்மா போகிற பேச்சு இல்லை. அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினார்களா என்று பார்க்கத் தனிக் குழுவே இருக்கிறது. ஒரு எம்.பி. விடாமல் துரத்தினால், இந்த ஒரு வழியிலேயே ஒரு கோரிக்கையை உயிரோடு வைத்திருக்க முடியும்.

குழு: அமைச்சகங்களைக் கண்காணிக்க 24 நிலைக் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். வேளாண்மை, உணவு, ஊரக வளர்ச்சி, ரயில்வே எல்லாவற்றுக்கும் குழு உண்டு. டிவி கேமரா இல்லாத இடம் என்பதால் கத்தல் குறைவு, வேலை அதிகம். அமைச்சகத்தின் செயலாளரை எதிரில் உட்கார வைத்து ஒரு கிராமத்து எம்.பி. நிதானமாகக் கேள்வி கேட்கலாம்.

மாவட்டக் குழு: இது பலருக்கும் தெரியாது. 2016-ல் ‘திஷா’ என்ற பெயரில் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் எம்.பி. உறுப்பினர்-செயலர் கலெக்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கிராமப்புற வேலைத் திட்டம், வீடு கட்டும் திட்டம், குடிநீர், ஊரகச் சாலை என்று மத்திய அரசுப் பணம் வரும் திட்டங்கள் எல்லாம் இந்த மேசைக்கு வர வேண்டும். 5 கோடியைவிடப் பல மடங்கு பெரிய பணம் எப்படிச் செலவாகிறது என்று மாவட்ட அதிகாரிகள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு கேட்கும் இடம் இது. இந்தக் கூட்டம் உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது நடந்தது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

ஓட்டு: 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு மக்களவையில் கவிழ்ந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு ஓட்டு! அந்த அவையில் ஒவ்வொரு உறுப்பினரின் கைக்கும் எவ்வளவு கனம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சட்டத்துக்கு ஓட்டுப் போடுவதுதான் எம்.பி.யின் முதல் வேலை. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமும், 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அப்படி ஓட்டுப் போட்டு வந்தவைதான். லட்சம் நிழற்குடைகள் சேர்ந்தாலும் அந்த இரண்டு சட்டங்கள் கிராமத்துக்குக் கொண்டுவந்த மாற்றத்துக்கு ஈடாகாது.

கருவி இருக்கிறது, வேலை செய்ய விடுகிறார்களா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. காகிதத்தில் இவ்வளவு அதிகாரம் இருந்தாலும், நடைமுறையில் அது தேய்ந்துகொண்டே வருகிறது.

2020 செப்டம்பரில் கூடிய மழைக்காலக் கூட்டத்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா என்று சொல்லி கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள். எழுத்துப் பதில் மட்டும் உண்டு. அதே கூட்டத்தொடரில்தான் மூன்று வேளாண் சட்டங்கள் நிறைவேறின. விவசாயிகளின் தலையெழுத்தை மாற்றும் சட்டம் வரும்போது, விவசாயிகள் அனுப்பிய உறுப்பினர் எழுந்து நின்று அமைச்சரைக் கேள்வி கேட்க வழி இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்த பிறகு, 2021 நவம்பர் 29-ல் அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றார்கள். அதுவும் விவாதம் இல்லாமலே நடந்தது. கொண்டுவந்தபோது கேள்வி நேரம் இல்லை, எடுத்தபோது விவாதம் இல்லை.

குழுக்களின் கதையும் இதுதான். 2009-ல் அமைந்த 15-வது மக்களவையில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுவின் ஆய்வுக்குப் போயின. 17-வது மக்களவையில் அது 16 ஆகக் குறைந்தது.

சின்னக் கட்சி என்றால் கஷ்டம் இரட்டிப்பு. விவாதத்தில் பேசும் நேரத்தைக் கட்சியின் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பார்கள். 2019-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு மக்களவையில் இரண்டே பேர், இருவரும் தமிழகத்திலிருந்து போனவர்கள்: நாகப்பட்டினமும் திருப்பூரும். 2024-லும் அதே இரண்டு தொகுதிகள்தான். பட்ஜெட் விவாதத்தில் அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். நெல், மீன், உப்பு, ரயில் நான்கையும் அந்தச் சில நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

பெரிய கட்சி எம்.பி.க்கு வேறு பிரச்சினை. 1985-ன் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். பணத்துக்குத் தாவுவதைத் தடுக்க வந்த சட்டம், ‘என் தொகுதி விவசாயிக்கு இது ஆகாது’ என்று மனசாட்சிப்படி ஓட்டுப் போட நினைப்பவரின் கையையும் சேர்த்தே கட்டிவிட்டது.

மனு ஏன் எம்.பி.யிடம் போகிறது?

‘சாக்கடைக்கும் ரேஷன் கார்டுக்கும் எம்.பி.யிடம் போகும் மக்கள்தான் தப்பு’ என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால், அவர்கள் வேறு யாரிடம் போவார்கள்?

தமிழகத்தில் 2016 அக்டோபர் முதல் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் கிராம ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே கிடையாது. 2019 டிசம்பரில்தான் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. நாகையும் திருவாரூரும் அதில் உண்டு. அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. உடனே அடுத்த தேர்தல் வந்ததா? இல்லை. மறுபடியும் தனி அலுவலர்கள். ஒரு தனி அலுவலரை எந்தத் தெருவில் மறித்துக் கேள்வி கேட்பது?

கீழே இருக்கும் படிகளை உடைத்துவிட்டால் எல்லோரும் மேல் படிக்குத்தான் தாவுவார்கள். ஊராட்சித் தலைவரிடம் முடிய வேண்டிய வேலை எம்.எல்.ஏ.விடம் போகிறது, அவரிடம் முடியாதது எம்.பி.யிடம் போகிறது. கடைசியில் எம்.பி. ஆபீஸ் ஒரு மனு வாங்கும் கவுன்டராக மாறிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு சிபாரிசு, காலேஜ் சீட்டுக்கு ஒரு லெட்டர், பேங்க் லோனுக்கு ஒரு போன். நாள் முழுக்க இதிலேயே போனால், நாளைய மசோதாவை எப்போது படிப்பது? உள்ளாட்சிக்கு நேரத்தில் தேர்தல் நடத்துவதும் அதிகாரம் கொடுப்பதும், சொல்லப்போனால், எம்.பி.யை எம்.பி.யாக வேலை செய்யவிடுவதற்கான முதல் படி.

எங்கிருந்து வந்தவர் என்பது முக்கியமா?

முக்கியம்தான். 2024-ல் மக்களவைக்குப் போன 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள் என்று அவர்களது வேட்புமனு விவரங்களை ஆராய்ந்த ஜனநாயக சீர்திருத்தச் சங்கம் கணக்கிட்டது. நூற்றுக்கு 93. ஒரு மக்களவை வேட்பாளர் செலவு செய்யச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பே 95 லட்சம் ரூபாய். அந்த வரம்போடு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை வாசகர்களே அறிவார்கள். ஒரு விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, கட்சி தூக்கி நிறுத்தாமல், தனித் தொகுதி என்ற ஏற்பாடு இல்லாமல், அந்த அவைக்குள் நுழைய இன்று வழி மிகக் குறுகலாகிவிட்டது.

நெல் ஈரமாக இருந்தால் கையில் எடுத்துக் கடித்துப் பார்த்தே சொல்லிவிடும் ஒருவருக்கு, 17 சதவீதம் என்பது கோப்பில் இருக்கும் எண்ணாகத் தெரியாது, ஒரு குடும்பத்தின் தீபாவளியாகத் தெரியும். அந்தப் பார்வை அவைக்குத் தேவை. அதே நேரத்தில், கிராமத்தில் பிறந்துவிட்டதாலேயே ஒருவர் நல்ல எம்.பி. ஆகிவிட மாட்டார். பிறந்த ஊர் கேள்வியைத் தரும். அந்தக் கேள்வியை விதிகளுக்குள் எழுதி, தேதிக்குள் கொடுத்து, பதிலை வாங்கி, மறுபடியும் துரத்துவது உழைப்பு. பின்புலத்துக்கு ஓட்டுப் போடலாம். ஆனால், அடுத்த முறை ஓட்டு உழைப்புக்குத்தான் போக வேண்டும்.

அந்த உழைப்புக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு டெல்டாவின் ரயில் பாதைகளே உதாரணம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி போகும் 37 கிலோமீட்டர் பாதை, அகலப் பாதையாக மாறி மறுபடி திறக்கப்பட்டது 2023 ஏப்ரல் 8-ல். உப்பும் பயணிகளும் போக வேண்டிய பாதை. அதற்குள் எத்தனையோ தேர்தல்கள் வந்துபோயின, நாகப்பட்டினத்துக்கு எம்.பி.க்கள் மாறினார்கள், ஆட்சிகளும் மாறின. திறப்பு விழாவன்று கொடி அசைத்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆண்டுக்காண்டு கேள்வி கேட்டு, மனுக் கொடுத்து, மறியல் செய்து அந்தக் கோரிக்கையைச் சாகவிடாமல் வைத்திருந்தவர்களின் பெயர்ப் பலகை எந்த ஸ்டேஷனிலும் இல்லை.

‘இது சாக்கு ஆகிடாதா?’

‘இப்படிச் சொன்னால், வேலை செய்யாத எம்.பி.க்கள் எல்லாம் “என் வேலை டெல்லியில்” என்று தப்பித்துக்கொள்ள மாட்டார்களா?’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மையில் இது அவர்களுக்கு இன்னும் கஷ்டமான பரீட்சை. நிழற்குடை திறந்து போட்டோ எடுப்பது அரை நாள் வேலை. ஐந்து வருஷத்தில் எத்தனை கேள்வி கேட்டீர்கள், அதில் எத்தனை நம்ம தொகுதி பற்றியது, எந்த மசோதாவில் என்ன பேசினீர்கள் என்று கேட்டால், சாக்குச் சொல்ல இடமே இல்லை. ஏனென்றால் எல்லாமே பதிவில் இருக்கிறது. மக்களவையின் ‘சன்சத்’ இணையதளத்தில் ஒவ்வொரு உறுப்பினர் கேட்ட கேள்வியும், அமைச்சர் தந்த பதிலும், விவாதத்தில் பேசியதும் இருக்கின்றன. போன் இருக்கும் எந்தக் காலேஜ் பிள்ளையும் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

ஆக, அடுத்த முறை உங்கள் எம்.பி. ஊருக்கு நன்றி சொல்லவோ, குறை கேட்கவோ வரும்போது, மாலை போடுவதற்கு முன் நான்கு கேள்விகளை எழுதி வையுங்கள்.

ஒன்று, போன கூட்டத்தொடரில் நம்ம தொகுதி பற்றி என்ன கேட்டீர்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார்? இரண்டு, திஷா கூட்டம் கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது, அதில் எந்தத் திட்டத்தின் தவறைச் சுட்டிக்காட்டினீர்கள்? மூன்று, நீங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள், அந்தக் குழுவில் நம்ம நெல்லைப் பற்றியோ மீனவர் பற்றியோ பேசினீர்களா? நான்கு, நாடாளுமன்றம் அதிக நாள் கூட வேண்டும் என்று உங்கள் கட்சி என்ன செய்தது?

நான்காவது கேள்வி ஆளும் கட்சி எம்.பி.க்கும் பொருந்தும், எதிர்க்கட்சி எம்.பி.க்கும் பொருந்தும். அவையைக் கூட்டாமல் இருப்பது ஒரு தவறு என்றால், கூடிய நாளையும் கூச்சலில் கழிப்பது இன்னொரு தவறு. இரண்டிலும் காணாமல் போவது, கிராமத்திலிருந்து போன கேள்விதான்.

நிழற்குடை கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கேளுங்கள். அதோடு இந்த நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் வாயால் வந்தால் போதாது, எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். கிராம சபைக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டுங்கள். ஊர் தன் கேள்வியை மறக்காமல் வைத்திருந்தால், டெல்லியில் இருப்பவருக்கும் அது மறக்காது.